"பெயில் தான் ஆவேன்"னு சொல்ற புள்ளைய திட்டாதீங்க

எடிட்டர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழம உங்க பேப்பர்ல மாணவர் பக்கத்துல வந்த கட்டுரைய படிச்சேன். எதிர்மறையா யோசிக்கிறத இன்னைக்கே நிப்பாட்டுங்க, முடியும்னு நினைச்சா முடியும்னு மேலேர்ந்து கீழ வரைக்கும் அதேதான். எழுதினவங்க நல்ல மனசோட தான் எழுதிருக்காங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா எங்க டியூஷனுக்கு வர்ற ஒரு பொண்ணு அந்த பக்கத்த கிழிச்சு எடுத்துட்டு வந்து "டீச்சர், என்ன மாதிரி ஆளுங்க உருப்படாதுன்னு பேப்பர்லயே போட்டுட்டாங்க"ன்னு சொன்னப்ப எனக்கு மனசு தாங்கல, அதான் ராத்திரி உக்காந்து டைப் பண்றேன். கொஞ்சம் நீளமா போகும், வெட்டாம போடுங்கன்னு கேட்டுக்கிறேன்.

நான் மும்பை தாராவில பொறந்து வளந்தவ. அப்பா திருநெல்வேலி பக்கத்துல இருந்து தோல் வேலைக்கு இங்க வந்தவர். 90 அடி ரோட்டுக்கு பின்னாடி ஒரு சந்துல, பத்துக்கு பன்னெண்டு ரூம்ல, 22 வருஷமா சாயங்காலம் பி.காம் படிக்கிற நம்ம புள்ளைங்களுக்கு அக்கவுண்ட்ஸ் சொல்லித் தர்றேன். வர்றதுல பாதி பேர் மாநகராட்சி தமிழ் மீடியம் ஸ்கூல்ல ஏழாவது எட்டாவது வரைக்கும் படிச்சிட்டு அதுக்கு மேல கிளாஸ் இல்லாம இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறினவங்க. கணக்கு தெரியும், கேள்வி என்ன கேக்குதுன்னு தான் புரியாது. கிளாஸ்ல எந்திரிச்சு ஒரு வார்த்த தப்பா சொல்லி எல்லாரும் சிரிச்ச அந்த ஒரு நாள இன்னும் மனசுல வச்சிட்டு வாய தொறக்காம காலேஜ் மூணு வருஷத்தையும் கடத்துற புள்ளைங்க எத்தன பேர எனக்கு தெரியும். ஊர்ல அரியர்னு சொல்றீங்களே அத இங்க கேடின்னு சொல்லுவோம், "எத்தன கேடி?"ன்னு தான் ஒருத்தர ஒருத்தர் விசாரிச்சுக்குவாங்க.

அந்த கட்டுரைய கிழிச்சிட்டு வந்த பொண்ணு இட்லி வியாபாரம் பண்ற வீட்டு பொண்ணு. காலைல மூணு மணிக்கு எந்திரிச்சு அம்மாவுக்கு ஒத்தாசை, அப்பா அண்ணன் ரெண்டு பேரும் பாத்திரத்த தூக்கிட்டு கெளம்பினப்புறம் அஞ்சு மணிக்கு தண்ணி புடிச்சு வச்சிட்டு படிக்க உக்காரும். ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னாடியும் "இந்த தடவ கண்டிப்பா பெயில் தான் டீச்சர்"னு சொல்லும். சொல்லிட்டு சும்மா இருக்காது, அதுதான் விஷயம், நோட்டுல பின்பக்கத்துல ஒரு லிஸ்ட் போடும், பேலன்ஸ் ஷீட் டாலி ஆகலன்னா என்ன பண்றது, கால்குலேட்டர் நின்னுட்டா என்ன பண்றது, சயான்ல ட்ரெயின் லேட் ஆனா எந்த பஸ், ஹால் டிக்கெட் நனஞ்சிட்டா ஜெராக்ஸ் எங்க இருக்கு, பார்ட்னர்ஷிப் கணக்கு ரெண்டு வந்தா எத மொதல்ல போடறது. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு பதில் எழுதி வைக்கும். இதுவரைக்கும் ஒரு கேடி கூட வாங்கினது இல்ல. இந்த பொண்ணப் பாத்து எப்படிங்க எதிர்மறை எண்ணத்த விட்டுடுன்னு சொல்றது?

இதுக்கு பேரே இருக்கு. 1986-ல ஜூலி நோரம், நான்சி கேன்டர்னு ரெண்டு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர்கள் காலேஜ் புள்ளைங்கள வச்சு பாத்தாங்க. முன்னாடி நல்ல மார்க் வாங்கியிருந்தும் ஒவ்வொரு தடவயும் இந்த தடவ சொதப்பிடுவேன்னு நினைக்கிற ஒரு கூட்டம் இருந்துச்சு, அவங்க கடைசில தன்னம்பிக்கையா போனவங்களுக்கு சமமாவே செய்றாங்க. இந்த பழக்கத்துக்கு டிஃபென்சிவ் பெசிமிசம்னு பேர் வச்சாங்க, தமிழ்ல தற்காப்பு அவநம்பிக்கைன்னு சொல்லலாமா, தெரிஞ்சவங்க இதவிட நல்ல வார்த்த சொல்லுங்க. பயத்த உள்ள போட்டு அமுக்காம அத எடுத்து வேலைக்கு பயன்படுத்திக்கிறாங்க. இதுல என்ன உலுக்கினது இன்னொண்ணு. அதே கூட்டத்துகிட்ட "உன் மார்க்க பாத்தா நீ நல்லா தான் பண்ணுவ"ன்னு தைரியம் சொல்லி அனுப்பினப்ப அவங்க இன்னும் மோசமா செஞ்சாங்க! நல்லது நினைச்சு சொன்ன வார்த்த அவங்க கையில இருந்த கருவிய புடுங்கிடுச்சு. அப்புறம் 1996-ல பலகைல டார்ட் எறியுற விளையாட்ட வச்சு நோரமும் அவங்க கூட ஒருத்தரும் மறுபடி பாத்தாங்க, என்ன தப்பு நடக்கும் அத எப்படி சரி பண்ணுவேன்னு மனசுல ஓட்டிப் பாத்துட்டு எறிஞ்சப்ப இந்த மாதிரி ஆளுங்க நல்லா எறிஞ்சாங்க, கண்ண மூடி ரிலாக்ஸா இருன்னு சொல்லிட்டு எறிய விட்டப்ப மோசமா எறிஞ்சாங்க. தைரியசாலிங்களுக்கு அப்படியே தலைகீழ், அவங்களுக்கு ரிலாக்ஸ் தான் ஒத்துக்கிச்சு. ஆக எல்லாருக்கும் ஒரே மருந்து கிடையாது.

நம்ம வீடுகள்ல இது இன்னும் கஷ்டம். புள்ள வாய தொறந்து "பெயில் ஆயிடுவேன்"னு சொன்னா அம்மா உடனே "வாய கழுவு, மேல ததாஸ்து தேவதை போயிட்டே இருக்கும்"னு சொல்லிடுவாங்க. நானும் கேட்டு வளந்தவ தான், பரீட்சைக்கு முந்தின நாள் என்னெல்லாம் தப்பா போகும்னு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எங்க அம்மா திருநீற எடுத்துட்டு வந்துடுவாங்க. இன்னொரு பக்கம் நல்லா எழுதிட்டு வந்தாலும் "சுமாரா எழுதிருக்கேன்"னு தான் வெளிய சொல்லணும், கண்ணு பட்டுடும். அப்ப பயத்தையும் சொல்லக் கூடாது, சந்தோஷத்தையும் சொல்லக் கூடாதுன்னா அந்த புள்ள மனசுல இருக்கிறத எங்க போய் கொட்டும்? பயத்த வெளிய சொல்லி லிஸ்ட் போட இடம் கெடச்ச புள்ள பொழச்சுக்குது. பயம் போகல, ஆனா அதுக்கு ஒரு உருவம் வந்துடுது, உருவம் வந்தா கைய வச்சு புடிக்கலாம்.

இப்ப இன்னொரு பையனப் பத்தி சொல்றேன், எனக்கு நிஜமான கவல இவனப் பத்தி தான். மூணு கேடி வச்சிருக்கான். மண்டை நல்ல மண்டை, பிராசஸ் காஸ்டிங்க, அதாவது ஒரு சரக்கு செய்ய படிப்படியா ஆகுற செலவ கணக்கு போடுறத, ஒரு தடவ சொன்னா புடிச்சுப்பான். ஆனா ஒவ்வொரு பரீட்சைக்கும் முந்தின நாள் ஏதாவது ஒண்ணு ஆயிடும், போன் ரிப்பேர், ஃப்ரெண்டோட அண்ணன் கல்யாணம், டெலிவரி வேலைல டபுள் ஷிஃப்ட். ரிசல்ட் வந்ததும் "படிக்கவே இல்ல டீச்சர், படிச்சிருந்தா அறுபது வந்திருக்கும்"னு சிரிப்பான். அந்த "படிச்சிருந்தா"வ கவனிங்க. படிச்சு பெயில் ஆனா இவனுக்கு அறிவு இல்லன்னு ஆயிடும், படிக்காம பெயில் ஆனா இவன் சோம்பேறின்னு தான் ஆகும், ரெண்டுல சோம்பேறிப் பட்டம் எவ்வளவோ மேல்னு அவன் மனசு கணக்கு போட்டு வச்சிருக்கு. மார்ட்டின் கோவிங்டன்னு கலிஃபோர்னியால ஒரு பேராசிரியர் இதத்தான் வருஷக்கணக்கா எழுதினார், படிக்கிற எடத்துல மார்க்கும் மனுஷனோட மதிப்பும் ஒண்ணுன்னு ஆகிப்போச்சுன்னா புள்ளைங்க மார்க்க காப்பாத்த மாட்டாங்க, மதிப்பத்தான் காப்பாத்துவாங்க, அதுக்கு முயற்சி பண்ணாம இருக்கிறது ஒரு வழி.

1978-ல பெர்க்லாஸ், ஜோன்ஸ்னு ரெண்டு பேர் பண்ண ஒரு சோதனை இருக்கு. காலேஜ் புள்ளைங்களுக்கு விடையே இல்லாத கணக்கு மாதிரி கேள்விங்கள குடுத்தாங்க, அவங்களும் குத்துமதிப்பா ஏதோ டிக் பண்ணாங்க, ஆனா முடிச்சதும் பிரமாதமா பண்ணிட்டீங்கன்னு பாராட்டிட்டாங்க. அடுத்த டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு மாத்திரைய வச்சு, இது மூளைய நல்லா ஓட வைக்கும், இது மந்தமாக்கும், எது வேணும்னு கேட்டாங்க. அப்படி காரணம் தெரியாம பாராட்டு வாங்கின பசங்கள்ல நெறைய பேர் மந்தமாக்குற மாத்திரைய எடுத்தாங்க. ஏன்னா அடுத்த தடவ அத திருப்பி செய்ய முடியாதுன்னு அவங்களுக்கே தெரியும், தோத்தா மாத்திரை மேல பழிய போட்டுடலாம். இத படிச்சப்ப எனக்கு அந்த பையன் தான் ஞாபகம் வந்தான், சின்ன வயசுல இருந்து "எங்க பையன் ஜீனியஸ்"னு வீட்டுல சொல்லி சொல்லி வளத்த புள்ள அவன்.

ஆனா ஒண்ணு. வசதியான வீட்டு புள்ள பரீட்சைக்கு முந்தின நாள் கிரிக்கெட் ஆடப் போனா அது சாக்குன்னு சொல்லிடலாம். நம்ம புள்ளைங்களுக்கு தடங்கல் நெசமாவே இருக்கு. டபுள் ஷிஃப்ட் போனா தான் அந்த மாச வாடகை, அப்பாவுக்கு நெசமாவே மேலுக்கு சரியில்ல, மழைக்கு வீட்டுக்குள்ள நெசமாவே தண்ணி வருது. அதுல எது தடங்கல், எது மனசு தேடிக்கிட்ட சாக்குன்னு வெளியில இருக்கிற நமக்கு தெரியாது, பல நேரம் அந்த புள்ளைக்கே தெரியாது. அதனால இந்த விஷயத்த படிச்சிட்டு எந்த பெத்தவரும் போய் புள்ளைய "நீ சாக்கு சொல்ற"ன்னு புடிச்சுக்காதீங்க, தயவு செஞ்சு. நான் அப்படி ஒரு தடவ ஒரு பையன்கிட்ட சொல்லிட்டேன், அடுத்த நாள்ல இருந்து அவன் டியூஷனுக்கு வரல, அப்புறமா தான் தெரிஞ்சது அவங்க அம்மா சயான் ஆஸ்பத்திரில இருந்திருக்காங்கன்னு. எட்டு வருஷம் ஆச்சு, இன்னும் எனக்கு ஆறல.

அப்ப இட்லி வீட்டு பொண்ணு, மூணு கேடி பையன் ரெண்டு பேரும் "பெயில் ஆவேன்"னு தான் சொல்றாங்க, வித்தியாசம் எங்க இருக்கு? சிட்னில ஆண்ட்ரூ மார்ட்டின்னு ஒருத்தரும் கூட இருந்தவங்களும் யுனிவர்சிட்டி புள்ளைங்கள வச்சு 2000-த்த ஒட்டின வருஷங்கள்ல இத ரெண்டா பிரிச்சு பாத்தாங்க, கம்மியா எதிர்பாக்கிறது ஒண்ணு, என்னெல்லாம் நடக்கலாம்னு ஓட்டிப் பாக்கிறது இன்னொண்ணு. ஓட்டிப் பாக்கிற பழக்கம் இருக்கிற புள்ளைங்க திட்டம் போட்டு விடாம படிக்கிற பக்கம் இருந்தாங்க. கம்மியா எதிர்பாக்கிறது மட்டும் தனியா நின்னா அதுல பெரிய பிரயோஜனம் இல்ல. இட்லி வீட்டு பொண்ணுகிட்ட ரெண்டும் இருக்கு, பையன்கிட்ட மொதல் பாதி மட்டும் இருக்கு. வாய்ல வர்ற வார்த்தைய பாத்து பயப்படாம, அதுக்கு அடுத்து புள்ள என்ன பண்ணுதுன்னு பாருங்க, லிஸ்ட் எடுக்குதா போன் எடுக்குதா.

சுயமதிப்ப பத்தியும் சொல்லணும், உங்க கட்டுரைல தன்னம்பிக்கை வந்துட்டா மார்க் தானா வரும்னு போட்டிருந்தீங்க. இத நம்பி கலிஃபோர்னியா மாநிலத்துல 1986-ல அரசாங்கமே ஒரு குழு போட்டு, சுயமதிப்ப ஏத்தினா படிப்புல இருந்து குற்றம் வரைக்கும் எல்லாம் சரியாயிடும்னு பாத்தாங்க. 2003-ல ராய் பாமைஸ்டரும் கூட மூணு பேரும் அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சியெல்லாம் எடுத்து வச்சு அலசிட்டு, சுயமதிப்பு ஏறினதால மார்க் ஏறுதுன்னு சொல்ல பெருசா ஆதாரம் இல்ல, நல்லா செஞ்சதால தான் கொஞ்சம் சுயமதிப்பு ஏறுதுன்னு சொன்னாங்க. எனக்கு இது புத்தகத்துல படிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும். கேடி க்ளியர் பண்ணிட்டு அந்த ரிசல்ட்ட போன்ல காட்டுறப்ப ஒரு புள்ள நிக்கிற நிலைய பாக்கணும், முதுகு நிமிந்திருக்கும். அந்த நிமிர்வ மேடைல மைக் புடிச்சு யாரும் குடுத்துட முடியாது.

ஆனா சுயமதிப்பே வேணாம்னு நான் சொல்ல வரல. ரோசன்பர்க்னு ஒருத்தர் 1965-ல 10 வாக்கியத்த வச்சு ஒரு அளவுகோல் செஞ்சார், இன்னைக்கு வரைக்கும் உலகம் பூரா அதத்தான் பயன்படுத்துறாங்க. அதுல பாதி வாக்கியம் நான் உபயோகம் இல்லாதவன்ங்கிற மாதிரி போகும், பாதி நானும் மத்தவங்க மாதிரி மதிப்புள்ள ஆளு தான்ங்கிற மாதிரி. மார்க்க பத்தி ஒரு வார்த்த கூட அதுல இல்ல, கவனிச்சீங்களா? சுயமதிப்பு ரொம்ப கீழ இருக்கிற புள்ள அவநம்பிக்கைய கருவியா பயன்படுத்த முடியாது, பயம் வந்த உடனே "நான் தான் தப்பு"ன்னு ஆயிடுது, "எந்த சாப்டர் தப்பு"ன்னு போகாது. நோரம் காலேஜ் புள்ளைங்கள நாலு வருஷம் தொடர்ந்து பாத்ததுல, பதட்டம் இருந்தும் இந்த லிஸ்ட் போடுற வழிய கையாண்டவங்களோட சுயமதிப்பு, பதட்டத்தோட சும்மா இருந்தவங்களத விட மேல ஏறிச்சுன்னு எழுதிருக்காங்க. எங்க டியூஷன்ல நான் பாக்கிறதும் அதேதான், முதல் வருஷம் தலைய குனிஞ்சிட்டு வந்த இட்லி வீட்டு பொண்ணு மூணாவது வருஷம் புதுசா வர்ற புள்ளைங்களுக்கு ஜர்னல் என்ட்ரி சொல்லித் தருது, ஆனா இன்னும் "பெயில் தான் டீச்சர்"னு தான் சொல்லிட்டு இருக்கு!

இதுக்கு ஒரு விலையும் இருக்கு, அத மறைக்கக் கூடாது. அந்த பொண்ணுக்கு தூக்கம் சரியா வர்றதில்ல, ரிசல்ட் நல்லா வந்தா கூட ரெண்டு நாள் தான் சந்தோஷம், மூணாவது நாள் அடுத்த செமஸ்டர் பயம் வந்துடுது. வீட்டுல "உன்ன நம்பித்தான் குடும்பமே இருக்கு"ன்னு சொல்ற ஒரு வாக்கியம் இருக்கே, அது புள்ளைய ஓட வைக்கும், நெசம் தான், ஆனா ஓடுறது பாடத்துல இருக்கிற ஆசைக்காக இல்ல, வெக்கத்துக்கு பயந்து. டெசி, ரயன்னு ரெண்டு பேர் ஊக்கத்த பத்தி எழுதினதுல, குத்த உணர்ச்சியால படிக்கிறதையும் எனக்கு புடிச்சிருக்கு இது எனக்கு தேவைன்னு படிக்கிறதையும் தனித்தனியா வச்சாங்க, முதல் வகைல பதட்டம் ஜாஸ்தி. எனக்கு அந்த வாக்கியத்த சொன்ன அப்பா இப்ப இல்ல. அவர் கஷ்டத்துக்கு அவர் சொன்னார், நான் அவர தப்பா சொல்லல, ஆனா இப்ப புள்ள வச்சிருக்கிறவங்க அத கொஞ்சம் யோசிச்சு சொல்லுங்க.

என்கிட்ட படிச்ச ஒரு பையனோட காலேஜ்ல போன வருஷம் ஒரு மோட்டிவேஷன் பேச்சாளர கூட்டிட்டு வந்திருக்காங்க, பேர் வேணாம். கேடி இருக்கிறவங்க எல்லாரையும் எந்திரிச்சு நிக்க சொல்லி "நான் ஜெயிப்பேன்"னு மூணு தடவ கத்த சொல்லிருக்கார். முன்னூறு பேர் முன்னாடி. அந்த பையன் வந்து சொன்னான், "கத்தினேன் டீச்சர், கத்திட்டு நேரா வீட்டுக்கு போயிட்டேன், அதுக்கப்புறம் பத்து நாள் காலேஜ் பக்கமே போகல." இந்த மாதிரி ஏற்பாடு பண்ற காலேஜ்காரங்க அந்த காச எடுத்து கேடி பேப்பர்ல எந்த எடத்துல மார்க் போச்சுன்னு ஒவ்வொரு புள்ளையையும் பக்கத்துல உக்கார வச்சு காட்டுற வாத்தியாருக்கு எக்ஸ்ட்ரா சம்பளமா குடுங்க. "நல்லா படிப்பா"ன்னு சொல்றதுக்கும் "உனக்கு வொர்க்கிங் நோட்ஸ் எழுதாததால தான் மார்க் போயிருக்கு, கணக்கு சரி தான்"னு சொல்றதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவது காத்தோட போயிடும், ரெண்டாவத புடிச்சிட்டு புள்ள நாளைக்கு எந்திரிக்கும்.

எதையுமே செய்ய முடியாம, லிஸ்டும் போடாம, சாக்கும் சொல்லாம, சாப்பிடாம சுவத்த பாத்து உக்காந்திருக்கிற புள்ள வேற. அத இந்த ரெண்டு பேரோட சேக்காதீங்க, அது உடம்பு சரியில்லாத மாதிரி, ஒத்தாசை வேணும். டெலி மானஸ்னு 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்ச சேவை இருக்கு, 14416-க்கு காசு இல்லாம போன் பண்ணலாம், தமிழ்லயும் பேசலாம். மும்பைல இருந்துட்டு இந்தில மனசு விட்டு பேச வராத நம்ம பெத்தவங்களுக்கு இது தெரியவே இல்ல, இந்த நம்பர தினமும் ஒரு மூலைல போட்டீங்கன்னா புண்ணியமா போகும்.

உங்ககிட்ட கடைசியா ஒரு வேண்டுகோள். ரிசல்ட் வந்ததும் டாப்பர் போட்டோ போடுறீங்க, போடுங்க, அந்த புள்ளைங்களும் கஷ்டப்பட்டவங்க தான். கூடவே அஞ்சாவது தடவைல காஸ்டிங் கேடி க்ளியர் பண்ண ஒரு புள்ளைய கூப்பிட்டு, எந்த தடவ எங்க தப்பு விட்டீங்க, அடுத்த தடவ என்ன மாத்தினீங்கன்னு கேட்டு அரை பக்கம் போடுங்க. பேர் போடாட்டியும் பரவால்ல. எங்க சந்துல அந்த அரை பக்கத்த படிக்க ஆள் இருக்கு.

அடுத்த மாசம் கேடி பரீட்சை. பொண்ணுக்கு கேடி எதுவும் இல்ல, ஆனா பையனுக்கு சொல்லித் தர அதுவும் வருது, தன் நோட்ட அவன் முன்னாடி விரிச்சு வச்சு "நீயும் போடு, என்னெல்லாம் வராதுன்னு எழுது"ன்னு நச்சரிச்சிட்டே இருந்துச்சு. ரெண்டு வாரம் எழுதவே இல்ல. நேத்து எழுதினான், ஒரே ஒரு வரி, "அப்நார்மல் லாஸ் வந்தா ரேட் எப்படி கண்டுபுடிக்கிறதுன்னு எனக்கு தெரியாது"ன்னு. காஸ்டிங் கணக்குல வழக்கத்துக்கு மேல வீணாகுற சரக்குக்கு தான் அந்த பேர். படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்னு சொல்லல. நேத்து கிளாஸ அந்த வரியில இருந்து தான் ஆரம்பிச்சேன்.

இப்படிக்கு,
ஒரு அக்கவுண்ட்ஸ் டீச்சர்,
தாராவி, மும்பை